எழுதியவரும் அழிக்கலாகாத ஏடு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக் காயலைக் கடந்ததும் எதிர்ப்படும் கோவளம், மீனவர் குப்பத்தாலும் கடலோரத்து மாதா கோயிலாலும் தர்காவாலும் பலருக்குத் தெரிந்த ஊர்தான் எனினும், ஆவணங்களைக் காப்பது எவ்வாறு என்னும் வினாவை ஆராயப் புகுகிறவர்களுக்கு அது வேறொரு காரணத்தாலும் பொருத்தமான இடமாக அமைகிறது. அங்கிருந்து தெற்கே மாமல்லபுரத்தை நோக்கிச் சிறிது தூரம் சென்றால், சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்துச் சாசனங்கள் இன்றும் பாறையில் நிலைத்து நிற்கக் காணலாம். மேற்கே கேளம்பாக்கம் சென்று வடக்கே திரும்பினால், சிறுசேரி சிப்காட் வளாகத்தில், எண்ணற்ற கணினிகள் இரவும் பகலும் குளிரூட்டப்பட்டுக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் தரவு மையங்களைக் காணலாம். இவ்விரண்டுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன; ஆயினும் இரண்டையும் தோற்றுவித்த கவலை ஒன்றேயாகும். எழுதிவைத்ததை எவரும் திருத்தாமலும் அழிக்காமலும் இருக்கச் செய்வது எப்படி என்பதே அது.

சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குடைவரையில், ஏறக்குறைய ஒரே சாசனம் ஒருபக்கம் கிரந்த எழுத்திலும் மறுபக்கம் நாகரி எழுத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து மணலை வாரிச் சென்றபின், அதே ஊரில் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் திருவிழிச்சில் என்னும் இடத்துச் சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டதைக் கண்டு, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பார்க்க, மண்ணுக்கடியில் அக்கோயிலின் அஸ்திவாரமே கிடைத்தது. கல்லில் எழுதுவித்தவர்களின் நோக்கம் வெறுமனே செய்தியைச் சொல்வதன்று. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் தர்மம் நடக்கவேண்டுமென்றும், அதற்குத் தீங்கிழைப்போர் பாவத்தை அடைவர் என்றும், காப்பவரின் பாதத்தைக் கொடுத்தவர் தம் தலைமேல் ஏந்துவதாகவும் அவர்கள் எழுதியது, பின்வரும் அரசர்களையும் தம் சந்ததியாரையுமே கட்டுப்படுத்துவதற்காகத்தான். கொடுத்தவரின் வம்சத்தாரே மனம் மாறினாலும் கொடை மாறலாகாது என்ற சங்கற்பம் அதில் உள்ளுறைந்து கிடக்கிறது.

மின்னணு ஆவணத்துக்கு இந்தத் திடத்தன்மை இயற்கையில் இல்லை. ஒரு கணக்கேட்டின் எண்ணைக் காகிதத்தில் சுரண்டித் திருத்தினால் சுரண்டிய தடம் தெரியும். வட்டில் உள்ள எண்ணைத் திருத்தினால் பழையது இருந்த சுவடே தெரியாது. இக்குறையைப் போக்க, ஒருமுறை எழுதலாம், பலமுறை படிக்கலாம், மீண்டும் எழுதலாகாது என்னும் தன்மையுடைய ஒளித்தட்டுகள் முதலில் வழக்கில் வந்தன. பங்கு வர்த்தகத் தரகர்கள் தம் ஆவணங்களை மின்னணு முறையில் வைப்பதானால் அழிக்கவும் மாற்றியெழுதவும் இயலாத வடிவில்தான் வைக்கவேண்டுமென 1997-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விதித்ததும், இந்தத் தன்மைக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்துவிட்டது. அமேசான் நிறுவனம் 2006-இல் தொடங்கிய எஸ்3 என்னும் கிளவுட் சேமிப்பில், 2018 நவம்பரில், ஆப்ஜெக்ட் லாக் என்ற பெயரால் இதே தன்மை மென்பொருள் வழியே வந்து சேர்ந்தது. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் ஏறத்தாழ அதே காலத்தில் தத்தம் சேமிப்பில் இதனையொத்த ஏற்பாட்டைச் செய்தன. தமிழில் இதனைத் தக்கவைப்புப் பூட்டு என்று சொல்லலாம்.

இப்பூட்டின் அமைப்பைச் சற்று விவரமாகப் பார்ப்போம். எஸ்3-இல் கோப்புகளை இடும் தொகுதிக்குப் பக்கெட் என்று பெயர். பூட்டை இயக்கிய பக்கெட்டில், ஒரு பெயரில் கோப்பை இட்டு, பின்னர் அதே பெயரில் வேறொன்றை இட்டால், முன்னது அழிவதில்லை. அதன்மேல் புதியதொரு பதிப்பு அமர்கிறது, அவ்வளவே. பூட்டு விழுவது கோப்பின் பெயரின்மீதன்று, ஒவ்வொரு பதிப்பின்மீதும் தனித்தனியாக. எந்த நாள்வரை காக்கவேண்டும் என்ற தேதி அப்பதிப்போடு எழுதப்படுகிறது. அந்நாள் வந்துவிட்டதா என்று நிர்ணயிக்கும் கடிகாரம் சேமிப்பு நிறுவனத்தினுடையதாகையால், நம் கணினியின் தேதியை முன்னுக்குத் தள்ளி அதனை ஏமாற்ற முடியாது. பொதுவாகத் தேதியைத் தள்ளிப்போடலாம், முன்னிழுக்க இயலாது.

கவர்னன்ஸ் என்றும் கம்ப்ளையன்ஸ் என்றும் இருவகைப் பூட்டுகள் உண்டு. முதல் வகையில், விசேஷ அதிகாரம் பெற்றவர் ஒருவர் தக்க காரணம் இருப்பின் பூட்டைத் திறக்கலாம். இரண்டாவதிலோ, கணக்கின் உரிமையாளராகிய தலைமைப் பயனராலும் அதனைத் திறக்க முடியாது; கணக்கையே மூடிவிடுவதன்றி வேறு மார்க்கம் இல்லை. இவ்விரண்டும் போக, தேதி ஏதும் குறிக்காமல், வழக்கு நிலுவையில் இருக்கும்வரை ஓர் ஆவணத்தை அசையாமல் நிறுத்திவைக்கும் லீகல் ஹோல்டு என்ற ஏற்பாடும் உண்டு. கம்ப்ளையன்ஸ் வகையைத்தான் நான் மிகவும் ஆழ்ந்து எண்ணத்தக்கதாகக் கருதுகிறேன். பிறரிடமிருந்து தன் பொருளைக் காக்கப் பூட்டுவது உலக வழக்கம். தன்னிடமிருந்தே அதனைக் காக்கத் தானே பூட்டி, திறவுகோலைக் காலத்தின் கையில் ஒப்படைப்பது அதனினும் அரிய காரியம் அல்லவா?

இங்கேதான், பெரும்பாலோர் கவனியாது கடந்துபோகும் ஒரு நுட்பம் இருக்கிறது. பூட்டுக்குத் தன்னிடம் வந்ததை வந்தபடியே காக்கத் தெரியுமேயன்றி, வந்தது சரியானதா என்று பகுத்தறியத் தெரியாது. வழியில் சிதைந்த கோப்பு ஒன்று உள்ளே வந்துவிட்டால், நல்ல கோப்பைக் காக்கும் அதே விசுவாசத்தோடு அந்தச் சிதைவையும், பூட்டுக்காலம் எட்டாண்டாயின் எட்டாண்டும், அது காத்து நிற்கும். கல்வெட்டில் தச்சன் உளி தவறி வெட்டிய எழுத்துப் பிழைகள் ஆயிரமாண்டு கழிந்தும் அழியாமல் இருப்பதைச் சாசன ஆராய்ச்சியாளர்கள் நன்கறிவார்கள். ஆகவே, பூட்டிய சேமிப்பில் கோப்பை இடும் அந்த ஒரு கணமே, பின்வரும் எட்டாண்டுகளைவிட முக்கியமான கணமாகும்.

இதனை உணர்ந்தே, பூட்டுக்காலம் குறித்த பதிவேற்றம் ஒவ்வொன்றோடும் கோப்பின் சரிபார்ப்பு எண் ஒன்றையும் சேர்த்து அனுப்பவேண்டுமென எஸ்3 விதித்திருக்கிறது. சாதாரணப் பக்கெட்டில் தடையின்றி ஏற்றிவந்த பழைய மென்பொருள்கள் பூட்டிய பக்கெட்டை நோக்கித் திருப்பப்பட்டதும், எண்ணை அனுப்பப் பழகாத காரணத்தால் மறுக்கப்பட்டு, அவற்றை இயக்குவோரைத் திகைக்கவைப்பதுண்டு. மறுப்பு நியாயமானதே. சாதாரணப் பக்கெட்டில் சிதைந்த கோப்பை நீக்கிவிட்டு நல்லதை மீண்டும் இடலாம். பூட்டியதிலோ நல்லது புதிய பதிப்பாக மேலே அமர்ந்தாலும், சிதைந்தது அகலாது, காலம் முடியும்வரை வாடகையும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரிபார்ப்பு எண் என்பது யாதெனில், கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதனை முழுவதும் ஒரு கணித முறைக்குள் செலுத்திப் பெறும், மாறாத நீளமுள்ள ஓர் எண். களத்திலிருந்து புறப்படும் நெல் மூட்டையை எடைபோட்டுச் சீட்டெழுதி அனுப்பி, மண்டியில் மறுபடி எடைபோட்டுச் சீட்டோடு ஒப்பிடுவது போன்றதே இது. ஆனால், எடை மாறாமல் உள்ளே இருப்பதை மாற்றிவிட முடியும், இவ்வெண்ணையோ அவ்வாறு ஏய்ப்பது கடினம். கோப்பின் கோடிக்கணக்கான பிட்டுகளில் ஒன்றே ஒன்று மாறினாலும், நல்ல முறையில் கணிக்கப்பட்ட எண்ணின் பிட்டுகளில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். ரொனால்ட் ரிவெஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1991-இல் வகுத்த எம்.டி.5 என்ற முறை 128 பிட்டு நீளமுள்ள எண்ணைத் தரும். அவ்வளவு நீளத்தில் அமையக்கூடிய எண்களின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். தற்செயலாகச் சிதைந்த கோப்பொன்று மூலக்கோப்பின் அதே எண்ணைப் பெற்றுவிடும் என்று அஞ்சுவதற்கு நடைமுறையில் இடமே இல்லை. அனுப்புவோர் எண்ணைக் கணித்துக் கோப்போடு அனுப்புகிறார். பெறுகின்ற கணினி, தன் கைக்கு வந்த கோப்பிலிருந்து அதே எண்ணை மீளக் கணிக்கிறது. இரண்டும் ஒத்தால் பூட்டுகிறது, ஒவ்வாவிட்டால் கோப்பையே ஏற்க மறுக்கிறது.

இணையத்தின் போக்குவரத்து விதிகளிலேயே பிழை காணும் ஏற்பாடு இருக்கும்போது இது மிகையன்றோ என்று சிலர் கேட்கலாம். இணையத்தில் செய்திகளைச் சுமக்கும் டி.சி.பி. முறையின் சரிபார்ப்பு எண் 16 பிட்டு நீளமே உடையது. தாறுமாறாகச் சிதைந்த 65,536 துண்டுகளில் ஒன்று அதன் கண்ணில் படாமல் தப்பிவிடக் கூடும். இன்று பெரும்பாலான பதிவேற்றங்கள் மறைக்குறியிட்ட வழியில் செல்வதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருப்பது உண்மையே. எனினும் அந்தக் காவல் வழிக்கு மட்டுமே உரியது. கோப்பு புறப்படுமுன் நம் கணினியின் நினைவகத்திலோ, இடையில் அதனைச் சுருக்கும் மென்பொருளிலோ, சென்று சேர்ந்தபின் வட்டில் எழுதப்படும்போதோ நேரும் சிதைவை வழியின் காவலன் எவ்வாறு அறிவான்? சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற மூன்று அறிஞர்கள் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரையொன்று, கோப்பு ஒன்றை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் பிழையின்றிக் கொண்டு சேர்ப்பதையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட படிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்போர் தாமே ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி நிச்சயம் பிறவாது என்று நிறுவியது. கணினி சாஸ்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாதங்களில் அது ஒன்று.

இதிலிருந்து ஒரு காரியக்கிரமம் தானே பெறப்படுகிறது. எண்ணை எப்போது கணிப்பது? பதிவேற்றும் மென்பொருள், ஏற்றும் தறுவாயில், தன் கையில் உள்ளதிலிருந்து கணித்துக்கொள்ளும். அதற்கு முன்பே கோப்பு கெட்டுப்போயிருந்தால், கெட்டதற்கே அது பிரமாணம் எழுதிக்கொடுத்துவிடும். ஆகையால், ஆவணம் பிறக்கும் இடத்திலேயே, பழைய ஏட்டை ஸ்கேன் செய்து கோப்பாக்கிய மறுகணமே, அல்லது கணக்கை முடித்துக் கையெழுத்திட்ட அன்றே எண்ணைக் கணித்துத் தனியே குறித்துவைத்து, பின்னர் எத்தனை கை மாறினாலும் அந்த ஆதி எண்ணோடு ஒப்பிடுவதே முறையாகும்.

பெரிய கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றை ஒரே மூச்சில் அனுப்பாமல் பல துண்டுகளாக்கி அனுப்புகிறார்கள். எஸ்3-இல் ஒரு கோப்பைப் பத்தாயிரம் துண்டுகள்வரை பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எண் கணிக்கப்பட்டு, இறுதியில் அவ்வெண்களையெல்லாம் கோத்து மற்றோர் எண் கணிக்கப்படுகிறது. செப்பேட்டு இதழ்களைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளை அரச முத்திரையால் இணைத்து, இதழ் ஒன்றையேனும் உருவவோ செருகவோ இயலாதபடி சோழர் செய்துவைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. ஆனால், இவ்விதம் கிடைக்கும் கூட்டெண்ணும், முழுக்கோப்பையும் ஒருங்கே கணித்துப் பெற்ற எண்ணும் வெவ்வேறாகவே இருக்கும். இதனை அறியாதவர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, கோப்பு கெட்டுவிட்டதென்று வீணே கலங்குவார்கள்.

தற்செயலான பிழைக்கும் வேண்டுமென்றே செய்யும் மோசடிக்கும் உள்ள பேதத்தையும் இவ்விடத்தில் சொல்லியாகவேண்டும். ஒரே எம்.டி.5 எண்ணைத் தரும் இரு வேறு கோப்புகளைத் திட்டமிட்டு உண்டாக்க முடியும் என்று 2004-இல் சீன அறிஞர் வாங் சியாவ்யுன் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் செய்து காட்டினார்கள். வழியில் நேரும் சிதைவைக் கண்டுபிடிக்க எம்.டி.5 இன்றும் போதும். ஆனால், வஞ்சகர் ஒருவர் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மாற்றிவைக்கக் கூடும் என்ற ஐயம் எழும் இடங்களில், 256 பிட்டு நீளமுள்ள எஸ்.எச்.ஏ.-256 போன்ற வலிய முறையையே கைக்கொள்ளவேண்டும்.

இத்தனை பிரயத்தனமும் எதற்காக என்பதற்கு நம் நாட்டிலேயே துயரமான சாட்சி உண்டு. 2022 நவம்பர் 23 அன்று, தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சர்வர்களில் புகுந்த, தரவைப் பிணைவைத்துப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் ஐந்து சர்வர்களையும் ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தரவுகளையும் மறைக்குறியிட்டுப் பயன்படாமல் ஆக்கிவிட்டது. நோயாளிகளைப் பதிவதும் பரிசோதனை முடிவுகளை எழுதுவதும் பல நாள் காகிதத்தில் நடந்தன. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஒரு சர்வரும் கைவசப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதைக்கிறது. இத்தகைய தாக்குதல்காரர்கள் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கவர்ந்தவுடன் முதலில் தேடி அழிக்க முயல்வது பேக்கப் பிரதிகளைத்தான். பிரதி இல்லாதவரே பணம் கொடுப்பார் என்பது அவர்களுடைய கணக்கு. நிர்வாகியாலேயே அழிக்க இயலாத பிரதியை, நிர்வாகியின் வேடம் புனைந்து வந்தவராலும் அழிக்க இயலாது. தன் கையையே கட்டிக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் பூட்டின் முழுப் பொருளும் இதுவே.

எனினும், பூட்டிய கோப்பை அழிக்காமலே பயனற்றதாக்கும் வழி ஒன்று இருக்கிறது. கோப்பு மறைக்குறியிட்டுச் சேமிக்கப்பட்டிருந்தால், அதனைப் படிக்கவேண்டிய சாவி வேறோரிடத்தில் இருக்கும். அச்சாவியை அழித்துவிட்டால், பூட்டு காத்துநிற்பது எவருக்கும் விளங்காத எழுத்துக் குவியலையே. அமேசான் தன் சாவிக் காப்பகத்தில், சாவியை அழிக்கக் கோரியபின் 7 நாள் முதல் 30 நாள்வரை காத்திருக்கும் அவகாசம் வைத்திருப்பது இதற்காகவே. அந்த அவகாசத்துக்குள் விழித்துக்கொள்ளும் கண்காணிப்பு இல்லையேல் பூட்டினால் பயனில்லை.

ஆபத்தாகத் தோன்றும் இதே உபாயம், மற்றொரு தர்மசங்கடத்துக்குப் பரிகாரமாகவும் ஆகிறது. கம்பெனிகள் தம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டுமென 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கட்டளையிடுகிறது. கணினி அமைப்புகளின் நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் காக்கவேண்டுமென, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டத்தால் வைத்திருக்கவேண்டியவை நீங்கலாக, தம்மைப் பற்றிய தரவை அழிக்கும்படி கோரும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பூட்டியதை அழிப்பது எங்ஙனம்? ஒவ்வொருவரின் தரவையும் தனித்தனிச் சாவியால் மறைத்துப் பூட்டியிருந்தால், உரியவர் கேட்கும்போது அவருடைய சாவியை மட்டும் அழித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே சாவியில் அள்ளிப் பூட்டுகிறவர்களுக்கு இவ்வழி அடைபட்டுவிடும்.

பூட்டு வேறு, நீடித்தல் வேறு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வட்டுகள் தேயும், கட்டடங்களில் வெள்ளம் புகும். ஆகவேதான் சேமிப்பு நிறுவனங்கள் ஒரு கோப்பைப் பல தரவு மையங்களில் பிரித்தும் மிகைப்படுத்தியும் வைத்து, உள்ளே அவ்வப்போது சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, கெட்ட பிரதியை நல்லதிலிருந்து புதுப்பிக்கின்றன. கும்பகோணத்தை அடுத்த திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த செம்பியன் மாதேவியார், பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்து, இவை பழங்கல்லின் படிகள் என்பதையும் உடன் குறிப்பித்துவைத்தார். அவ்வம்மையார் செய்ததைத்தான், பத்தாண்டுக்கொருமுறை இயந்திரங்களையும் முறைகளையும் மாற்றும்போது நாமும் செய்யவேண்டியிருக்கிறது. மூலத்தின் எண்ணும் படியின் எண்ணும் ஒத்திருப்பதைக் காட்டினால், படியெடுத்தவரின் நேர்மையைப் பிறர் ஐயுற இடமில்லை.

இக்கடற்கரையில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கமோ, சிறிய மருத்துவமனையோ, பள்ளிக்கூடமோ இத்தகைய சேமிப்பை இன்று நாடுவது சிரமமன்று. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையில் தன் கிளவுட் மையத்தைத் திறந்தது, அமேசான் 2016-இல் மும்பையில் திறந்தது. அவ்வாறு நாடுவோர் முதலிலேயே கம்ப்ளையன்ஸ் பூட்டையும் நீண்ட காலத்தையும் தேர்ந்துவிடவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஸ்3-இல் பூட்டுக்காலம் நூறாண்டுவரை செல்லும். எட்டு என்ற இடத்தில் எண்பது என்று விழுந்துவிட்டால், எண்பதாண்டு வாடகை கொடுக்கவேண்டும், அல்லது கணக்கையே மூடவேண்டும். கவர்னன்ஸ் முறையில் ஒரே நாள் பூட்டோடு ஒரு கோப்பை ஏற்றி, அதனை அழிக்க முயன்று மறுக்கப்படுவதைக் கண்டு, பின்னர் வேறொரு கணினியில் அதனை இறக்கி, அதன் எண்ணை ஆவணம் பிறந்த அன்று குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மறுநாள் பூட்டு தானே விலகியதையும் உறுதி செய்துகொண்டு, அதன்பின் முப்பது நாள், ஓராண்டு என்று காலத்தைக் கூட்டிச் செல்லுங்கள். கூட்டுவதற்குத் தடை என்றைக்கும் இல்லை.